கட்டடத்துக்குக் காசு வருகிறது, டீச்சருக்குச் சம்பளம் வருவதில்லை

கிராமத்து முன்பள்ளி ஒன்றை மூட யாரும் உத்தரவு போடத் தேவையில்லை. டீச்சருக்கு ஆடைத் தொழிற்சாலையிலோ டவுன் கடையிலோ ஒழுங்கான சம்பளத்துக்கு வேலை கிடைத்தால் போதும், அடுத்த தவணைக்குக் கதவு திறக்காது. கட்டடம் அப்படியே இருக்கும். முற்றத்தில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் இருக்கும். கட்டிக் கொடுத்தவரின் பெயர்ப்பலகை சுவரில் இருக்கும். பிள்ளைகளும் இருப்பார்கள். மாதக் கடைசியில் டீச்சரின் கையில் வைக்க வேண்டிய காசு மட்டும்தான் இருக்காது.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில் இருக்கும் வில்கமுவ பிரதேசம் இந்தக் கவலையை நன்றாக அறிந்திருக்க வேண்டிய இடம். நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், மகாவலிப் பக்கமாகச் சரியும் பூமி அது. மாவட்டத் தலைநகரான மாத்தளைக்கு மலை சுற்றிப் போவதைவிட ஹசலக்க, மஹியங்கனைப் பக்கம் இறங்குவது பலருக்குச் சுலபம். நெல்லும் சேனைப் பயிரும்தான் பிழைப்பு. வடக்கே 1984இல் தேசிய பூங்காவான வஸ்கமுவ. காட்டு யானைகளுக்கு வேலியும் தெரியாது, வயல் வரம்பும் தெரியாது. போதாக்குறைக்கு, காரணம் இன்னும் முழுமையாகத் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் கடுமையாகத் தாக்கிய பகுதிகளில் வில்கமுவவும் ஒன்று. இரவெல்லாம் காவல் குடிலில் கண்விழித்த தகப்பனும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் தாயும் இருக்கிற வீட்டில், காலை எட்டு மணிக்கு மூன்று வயதுப் பிள்ளையைப் பொறுப்பாக யாரிடம் விடுவது? அந்த வீட்டுக்கு முன்பள்ளி அலங்காரம் அல்ல, அடிப்படைத் தேவை.

சிங்கள விவசாயிகள் பெரும்பான்மையாக வாழும் பிரதேசத்தைப் பற்றித் தமிழில் எழுதுவானேன் என்று கேட்கலாம். இதே மாவட்டத்தின் இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் தமிழ்ப் பிள்ளைகள் போகும் சிறிய முன்பள்ளிகளின் கணக்கும், வன்னிக் கிராமங்களில் சனசமூக நிலையத்தின் ஓரத்தில் நடக்கும் முன்பள்ளிகளின் கணக்கும் இதே மாதிரித்தான். மொழி மாறினாலும் பற்றாக்குறை மாறவில்லை.

போகத்தோடு ஏறி இறங்கும் வரவு

சின்ன முன்பள்ளிச் சங்கம் ஒன்றின் வரவு செலவை உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். 20 பிள்ளைகள், பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபா, ஒரு டீச்சர், ஓர் உதவி டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்காரரும் நாள் தவறாமல் கட்டினால் வரவு 20,000 ரூபா. மின்சாரம், தண்ணீர், வர்ணக் கடதாசி, பசை, துப்புரவுச் சாமான் என்று 3,000 ரூபா போனால் மிச்சம் 17,000. அரசாங்கத்தின் சிறு கொடுப்பனவைச் சேர்க்காமல் பார்த்தால், அதைத்தான் இருவர் பகிர வேண்டும்.

2026 ஜனவரியிலிருந்து சட்டப்படி தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. முன்பள்ளி அரை நாள்தானே என்று சொல்பவர்கள் உண்டு. பாடம் ஆயத்தம் செய்வதையும், சாப்பாட்டு மேற்பார்வையையும், வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைப் பார்ப்பதையும் விட்டுவிட்டு, சரி பாதி என்றே கணக்கிடுவோம். ஒருவருக்கு 15,000, இருவருக்கு 30,000. கையில் இருப்பதோ 17,000. மாதம் 13,000 ரூபா துண்டு விழுகிறது. வருடத்துக்கு 1 இலட்சத்து 56 ஆயிரம் ரூபா. இந்தத் தொகையை யாரும் முழுதாகக் கொண்டுவந்து தரவில்லை. அந்த இரு பெண்களும் தங்கள் உழைப்பில் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த முன்பள்ளியின் மிகப் பெரிய நன்கொடையாளர்கள் அவர்கள்தான். எந்தப் பலகையிலும் அவர்கள் பெயர் கிடையாது.

இதுவும் எல்லாரும் காசு கட்டும் மாதத்துக் கணக்கு. நெல்லை நம்பிய ஊரில் காசு மாதா மாதம் வராது. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். சிறுபோகத்துடையது ஓகஸ்ட், செப்டெம்பரில். முன்பள்ளி ஜனவரியில் தொடங்கும்போது வயல் பச்சையாக நிற்கும், வீட்டில் காசு இருக்காது. "வெட்டு முடியட்டும், தந்துவிடுகிறோம்" என்பது ஏமாற்றுப் பேச்சல்ல, உண்மை நிலைமை. யானை இறங்கி வயலை மிதித்த வருடத்தில் வெட்டு முடிந்தாலும் காசு வராது. டீச்சரும் அதே ஊர்க்காரி. கட்டாத வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்த அவருக்கு மனம் வராது.

கட்டணத்தைக் கூட்டினால் என்ன? இருவருக்கும் அந்தப் பாதிச் சம்பளத்தைக் கொடுத்து, செலவையும் சமாளிக்க மாதம் 33,000 ரூபா வேண்டும். பிள்ளைக்கு 1,650 ரூபா. அந்தக் காசைக் கட்ட முடியாத ஐந்து வீடு நின்றுவிட்டால், மிச்சம் உள்ளவர்களுக்கு 2,200 ஆகும். அதைப் பார்த்து இன்னும் சிலர் நிற்பார்கள். ஏழை ஊரில் கட்டணத்தை உயர்த்துவது, முன்பள்ளி மிகவும் தேவைப்படும் பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளுவதில்தான் முடியும்.

வந்த பணம், போன பணம்

இந்தப் பற்றாக்குறை நேற்று முளைத்ததல்ல. 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கம் நாடு முழுவதும் கிராமங்களில் முன்பள்ளிகளை உண்டாக்கியது. ஊரார் சிரமதானத்தில் கட்டடம் கட்டினார்கள், ஊர்ப் பெண்பிள்ளைகள் பயிற்சி பெற்று டீச்சரானார்கள். 1980களின் நடுவில் நெதர்லாந்தின் நோவிப் உட்பட வெளிநாட்டுக் கொடையாளர்கள் கூட்டாகச் சேர்ந்து அந்த இயக்கத்துக்குப் பெருந்தொகை கொடுத்தார்கள். 1990களில் அந்தப் பணம் சுருங்கியது. சுருங்கியதும் ஊர்மட்டப் பணியாளர்களைப் பெருமளவில் குறைக்க வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய இயக்கமாக இருந்ததால் சிறுகடன், சேமிப்பு என்று சொந்த வருமானம் தேடிக்கொள்ள அதற்கு முடிந்தது. வில்கமுவவில் ஒரு மண்டபமும் 20 பிள்ளைகளுமாக இருக்கும் சங்கம் எங்கே போய் வங்கி நடத்துவது?

2004 ஆழிப்பேரலைக்குப் பின் உதவிப் பணம் கரையோரத்துக்குப் பாய்ந்தது. நியாயம்தான். ஆனால் உள்நாட்டு வரண்ட கிராமங்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. போர் முடிந்ததும் இலங்கை நடுத்தர வருமான நாடு என்ற பேச்சு வந்து, பல வெளிநாட்டு நிறுவனங்கள் மூட்டை கட்டின. 2019இல் உலக வங்கி இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் ஏற்றியது, அடுத்த வருடமே இறக்கியது. ஏற்றினாலும் இறக்கினாலும் வில்கமுவ டீச்சரின் வருமானத்தில் ஒரு சதமும் மாறவில்லை.

2015இல் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கென உலக வங்கி 5 கோடி டொலர் அங்கீகரித்தது. கட்டடத் திருத்தம், விளையாட்டு முற்றம், கற்றல் உபகரணம், ஆசிரியைகளுக்குப் பயிற்சி, வறிய பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை ஆகியன அதில் இருந்தன. நல்ல காரியங்கள்தான். ஆனால் திட்டம் என்றால் அதற்கு முடிவுத் திகதி உண்டு. டீச்சரின் வீட்டுச் செலவுக்கு முடிவுத் திகதி கிடையாது.

அதன்பின் வந்ததெல்லாம் அடிமேல் அடி. 2020 மார்ச்சில் தொற்றுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்களுக்கு வீட்டில் இருந்தபோதும் சம்பளம் வந்தது. கட்டணத்தை நம்பிய முன்பள்ளி டீச்சருக்குப் பிள்ளை வராத மாதத்தில் காசும் இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தார்கள். நெல் விளைச்சல் விழுந்தது, கட்டணம் கட்டும் கையும் வெறுமையானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முந்திய மாதம்தான் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. பெரிய நிறுவனம் ஒன்றுக்கு இப்படியான வருடங்களைத் தாண்டக் கையிருப்பு இருக்கும். சின்னச் சங்கத்தின் கையிருப்பு டீச்சரின் பொறுமைதான்.

ஐந்து வயதுக்குக் கீழே அரசாங்கம் எங்கே?

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வியை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்த இலவசம் நடைமுறையில் முதலாம் தரத்தின் வாசலில்தான் தொடங்குகிறது. கட்டாயக் கல்வி 5 வயதிலிருந்து 16 வயது வரை. அதற்குக் கீழே பிள்ளையின் கல்வி பெற்றோரின் சட்டைப்பையைப் பொறுத்தது. நாட்டின் முன்பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை தனியார், மத நிறுவனங்கள், கிராமச் சங்கங்கள் கையில் இருப்பது அதனால்தான்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால் கை மாறி மாறிப் போகும். 1987இன் 13ஆம் திருத்தப்படி முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாணத்துக்குரியது. கொள்கையும் கொடுப்பனவும் மகளிர், சிறுவர் விவகார அமைச்சின் கையில். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பிரதேச சபைக்கும் முன்பள்ளி நடத்த இடமுண்டு. இத்தனை பேர் மேற்பார்க்க இருந்தும், சம்பளம் கொடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர் ஒருவரும் இல்லை. அதிலும் மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. வில்கமுவப் பெற்றோர் தங்கள் மாகாண சபை உறுப்பினரிடம் கேட்பது என்றால், கேட்க அப்படி ஒருவர் கிடையாது.

2025 வரவு செலவுத் திட்டம் இரண்டு நல்ல வேலைகளைச் செய்தது. முன்பள்ளிப் பிள்ளையின் காலை உணவுக்கான தொகையை 60 ரூபாவிலிருந்து 100 ஆக்கியது. ஆசிரியைகளின் மாதாந்தக் கொடுப்பனவை 1,000 ரூபாவால் கூட்டியது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் அதே வருடம் ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளத்தை 17,500இலிருந்து 27,000 ஆக்கியதும் இதே அரசாங்கம்தான். சாதாரணத் தொழிலாளிக்கு 9,500 கூட வேண்டும் என்று கண்டவர்கள், பிள்ளை வளர்க்கும் டீச்சருக்கு 1,000 போதும் என்று கண்டது எந்தக் கணக்கில்?

அரசாங்கத்தால் முடியாது என்றும் சொல்ல முடியாது. போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளை எடுத்து நடத்தியது. அங்கே டீச்சருக்கு அரசாங்கச் சம்பளம். பக்கத்துக் கிராமத்தில் மாகாணத்தின் கீழிருந்த டீச்சருக்கோ சில ஆயிரம் ரூபா. சிறுபிள்ளைக் கல்வியை இராணுவத்தோடு பிணைத்த அந்த ஏற்பாட்டைத் தமிழ் மக்கள் சரியாகவே எதிர்த்தார்கள். ஆனால் மனம் வைத்தால் முன்பள்ளி டீச்சருக்கு மாதச் சம்பளம் கொடுக்க அரசாங்கத்திடம் காசு இருக்கிறது என்பதையும் அது காட்டிவிட்டது.

அடுத்த நாட்டைப் பார்த்தால், இந்தியா 1975 ஒக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளரின் ஊதியத்தை வரவு செலவில் நிரந்தரச் செலவாக வைத்தது. மத்திய அரசின் பங்கு 2018இல் மாதம் 3,000 இந்திய ரூபாவிலிருந்து 4,500 ஆனது. மாநிலங்கள் மேலும் சேர்க்கின்றன. அதுவும் போதாது என்று அவர்கள் இன்றும் தெருவில் இறங்குகிறார்கள். 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்கு வழக்குப் போட எதிரே ஓர் அரசாங்கமாவது இருந்தது. வில்கமுவ டீச்சர் யார் மீது வழக்குப் போடுவார், தன் ஊர்ச் சங்கத்தின் மீதா?

சின்னச் சங்கம் மாட்டிக்கொள்ளும் இடம்

சின்ன நிறுவனம் நன்கொடை தேடிப் போனாலும் வழி எளிதல்ல. கொடையாளர்கள் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் பயிற்சிப் பட்டறைக்கும் தருவார்கள். படம் எடுக்கலாம், பலகை மாட்டலாம். சம்பளம், மின்கட்டணம், கணக்காய்வுச் செலவு என்றால் கை பின்வாங்கும். ஒரு வருடத் திட்டத்துக்கு வந்த காசு பன்னிரண்டாம் மாதம் தீரும், பதின்மூன்றாம் மாதத்துக்கு மீண்டும் விண்ணப்பம் எழுத வேண்டும். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் வில்கமுவக் கிராமத்தில் எத்தனை பேர்?

பதிவு செய்யப்பட்ட அரச சார்பற்ற நிறுவனம் என்றால் இன்னொன்றும் உண்டு. வருமான வரிச் சட்டம் அதற்கு வரும் நன்கொடையில் 3 வீதத்தை வருமானமாகக் கொண்டு வரி கேட்கிறது. தொகை சிறிது. ஆனால் அதற்குக் கோப்பு, கணக்காளர், அறிக்கை எல்லாம் வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு அது அலுவலக வேலை. சின்ன நிறுவனத்துக்கு அது ஒரு மாதச் சம்பளம்.

இதைவிட மனதை உறுத்துவது ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதலாளி 12 வீதம் கட்டவேண்டும் என்று சொல்லும் அதே ஏற்பாடு, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தர்ம நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. தர்மம் செய்பவர்களுக்குச் சுமை கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த விலக்குத்தான். அதன் விளைவு, இருபது வருடம் பிள்ளை வளர்த்த டீச்சர் அறுபது வயதில் வெறுங்கையோடு வீடு போவது.

செய்ய வேண்டியவை

முதலாவது, முன்பள்ளி ஆசிரியைக்குக் கொடுப்பதைக் கொடுப்பனவு என்ற நிலையிலிருந்து அடிப்படைச் சம்பளமாக மாற்ற வேண்டும். பதிவு பெற்று, பயிற்சி முடித்து, குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிள்ளைகளோடு நடக்கும் முன்பள்ளிக்கு, யார் நடத்தினாலும், அந்தத் தொகை நேரே டீச்சரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். ஒரேயடியாக முடியாவிட்டால் வில்கமுவ போன்ற பின்தங்கிய பிரதேசங்களிலிருந்து படிப்படியாகத் தொடங்கலாம். 10,000 ஆசிரியைகளுக்கு மாதம் 10,000 ரூபா கூடுதலாகக் கொடுக்க ஆண்டுக்கு 120 கோடி ரூபா போதும். ஒரு நாட்டின் வரவு செலவில் இது தாங்க முடியாத தொகையல்ல.

இரண்டாவது, சேமலாப நிதி விலக்கிலிருந்து முன்பள்ளிகளை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் 12 வீதப் பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும்.

மூன்றாவது, வறிய வீடுகளின் கட்டணம். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பட்டியல் ஏற்கெனவே பிரதேச செயலகத்தில் இருக்கிறது. அதில் உள்ள குடும்பத்தின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கான மாதக் கட்டணத்தை நேரே முன்பள்ளிக்குச் செலுத்தலாம். வயலில் வெட்டு முடியும்வரை டீச்சர் காத்திருக்கத் தேவையில்லை.

நான்காவது, வில்கமுவ பிரதேச செயலகமும், 2025 மே மாதத் தேர்தலோடு புதிதாக அமைந்த பிரதேச சபையும் உடனே செய்யக் கூடியவை. பிரதேசத்தில் உள்ள சின்ன முன்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கணக்காளரை வைத்துக் கொடுக்கலாம். கணக்காய்வைக் கூட்டாகச் செய்யலாம். தண்ணீர், மின்கட்டணத்தைச் சபை ஏற்கலாம். விண்ணப்பம் எழுத ஓர் உத்தியோகத்தரை ஒதுக்கலாம். இதற்குக் கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சங்கங்களுக்கும் கடமை உண்டு. வருடத்துக்கு ஒருமுறையாவது வரவு செலவை முன்பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். டீச்சருக்குக் கொடுத்த தொகையையும், கொடுக்காமல் விட்டதையும் அதில் எழுதுங்கள். பற்றாக்குறை எவ்வளவு என்று ஊருக்குத் தெரியாதவரை அதைக் கேட்டுப் பெறவும் முடியாது.

கொடையாளர்களுக்கும், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு முன்பள்ளிக்குக் காசு அனுப்ப நினைத்தால் கட்டடத்தை ஒரு பக்கம் வையுங்கள். அங்கே டீச்சருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு அந்தச் சம்பளத்தின் குறையை நிரப்ப முடியுமா என்று பாருங்கள். பெயர்ப்பலகை கிடைக்காது, ஆனால் கதவு திறந்திருக்கும்.

மாத்தளை மாவட்டத்துக்கு ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மத்திய மாகாணத்துக்கு ஆளுநர் இருக்கிறார். மகளிர், சிறுவர் விவகாரத்துக்கு அமைச்சு இருக்கிறது. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையின் அடிப்படைச் சம்பளத்துக்கு ஓர் ஒதுக்கீடு சேர்ப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதைச் சேர்க்காதவரை, இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏழைப் பிள்ளைகளின் கல்விச் செலவைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏழை டீச்சர்கள்தான். இந்த ஏற்பாடு அநியாயம். இதை நிறுத்த வேண்டும்.